முப்பத்தாறு தவாளிப்பு

சம்மாந்துறை ஆலையிலிருந்து
லாண்ட்மாஸ்டர் பெட்டியில் வந்திறங்கிற்று மோட்டர்.
ஏழரைக் குதிரைவலு.
கூட வந்த பொடியன் சாக்கை விலக்கி
"வெள்ளிக்குள்ள வேணுமாம், ஹாஜியார் சொன்னார்" என்றான்.
என்னிடம் இல்லை.
எனக்குப் பின்னால் ஆம்பிளை யாரும் நிற்கக்கூடும் என்று
சுவரைப் பார்த்துச் சொன்னான்.
சுவரில் கலண்டர்தான் இருந்தது.
இன்பமலர் மோட்டர் வைண்டிங், கல்முனை.

மூடியைக் கழற்றினேன்.
ஒரு பேஸ் அறுந்த பிறகும் ஓட விட்டிருக்கிறார்கள்.
மூன்று சுருளில் இரண்டு கரி.
மற்றது நேற்றுச் சுற்றியதுபோலச் சிவந்து கிடந்தது.
இது வழமை.
கரண்ட் வராத சுருள் தப்பும்,
பாரம் இழுத்த இரண்டும் எரியும்.
குடும்பங்களிலும் அப்படித்தான் என்று சொல்ல வந்தேன்,
வேண்டாம்.

வெட்டி, சூடாக்கி, குறட்டால் இழுத்து
எண்ணத் தொடங்கினேன்.
பழைய சுற்றை எண்ணாமல் புதுச் சுற்று இல்லை.
இருபத்தேழு, இருபத்தெட்டு.
எனக்குப் பிடிபட்ட சரித்திரம் இவ்வளவுதான்:
முன்னால் சுற்றியவர் எத்தனை சுற்றினார்.

நைட்டா நோட்ஸின் கடைசித் தாளில்,
சோதனைக்கு வராது என்று கோடு போட்ட இடத்தில்,
வேறொரு சரித்திரமும் இருந்தது.
செத்த தவளையின் கால் துடித்தது.
செம்பும் நாகமும், இடையில்
உப்புத்தண்ணியில் நனைத்த அட்டையும் அடுக்கினார்கள்.
எங்கோ ஒரு வகுப்பறையில், கம்பிக்குப் பக்கத்தில்
திசைகாட்டி ஊசி மெல்லக் கிறுகிற்று.
இலண்டனில் ஒருவர் இரும்பு வளையத்தில் கம்பி சுற்றினார்,
சுற்றோடு சுற்று முட்டாமல்
நூலும் சீத்தைத் துணியும் வைத்து.
அமெரிக்காவில் ஒரு வாத்தியார்
பெண்சாதியின் பட்டுப் பாவாடையைக் கிழித்து
கம்பிக்குச் சுற்றினாராம்.
கதையாகவும் இருக்கலாம் என்று அடைப்புக்குள் போட்டிருந்தது.
அவ கொடுத்தாவா, அவர் எடுத்தாரா
என்று போடவில்லை.

தப்பிய சுருளையும் எடுக்கத்தான் வேணும்.
இருபத்திரண்டாம் தவாளிப்பில்
தாள் இருக்கவேண்டிய இடத்தில்
துணி.
வானிஷ் குடித்து விறைத்துப்போன துணி.
பேணியில் தின்னர் ஊற்றி ஊறவிட்டேன்.
முதலில் மாம்பழ மஞ்சள் தெரிந்தது.
மறுகா சரிகை,
மறுகா கழுத்தில்லாத ஒரு மயில்.

எந்த எண்ணில் விட்டேன் என்பது மறந்துபோயிற்று.

ஆதம்பாவா ஹாஜியாருக்குக் கோல் எடுத்தேன்.
"அதா? சென்றியால ஒரு முழம் வயர் வராத காலம், மகள்.
ஆலை நிண்டா ஊர் என்னத்தத் தின்னும்?
காரைதீவில ஞானமுத்து எண்டு ஒரு ஆள்,
ராவோட ராவாச் சுத்தித் தந்தார்.
மறுகா ஆளைக் காணல்ல."
"வெளிநாடு போயிற்றாரா?"
"காணல்ல மகள்."

அவர் பெண்சாதி, என்று தொடங்கினேன்.
அங்கே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள்.

வியாழன் இரவு வரைக்கும் சுற்றினேன்.
தவாளிப்புக்குத் தவாளிப்பு மைலார் தாள்,
அதன் விளிம்பு விரலைக் கிழிக்கும்.
இருபத்திரண்டிலும் மைலார்தான்.
பில்லில் எழுதினேன்:
கம்பி நாலு கிலோ, வானிஷ்,
பெயாரிங் இரண்டு, கூலி.
மயில் இன்னும் பேணிக்குள் கிடக்கிறது.
எடுத்துக் காயப்போட வேணும்.

வெள்ளி பத்து மணிக்குப் பொடியன் கோல் எடுத்தான்.
இந்த முறை அக்கா என்றான்.
"கிறுகுது அக்கா. ஆனா மறுபக்கம் கிறுகுது."
"ரெண்டு வயரை மாத்திப் போடு."
"எந்த ரெண்டு?"
"எந்த ரெண்டெண்டாலும்."

ஃபோனை வைக்காமல் காதில் பிடித்திருந்தேன்.
பெல்ட் ஒருக்கால் கீச்சிட்டது.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
மறுகா
நெல் விழுகிற சத்தம்.